பெயரும் விலையும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் இணைப்பது 'மதர்போர்டு' எனப்படும் தாய்ப்பலகை. பெயர் பெற்றதும் விலை கூடியதுமே நெடுநாள் உழைக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முற்றிலும் சரியன்று.

தாய்ப்பலகையில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருப்பவை மின்தேக்கிகள். 2000ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட பல மின்தேக்கிகளில், உள்ளிருந்த மின்பகு திரவம் குறையுடையதாக இருந்தது. வாயு உண்டாகி, அவற்றின் தலை உப்பித் திரவம் கசிந்தது. பெரிய நிறுவனமான டெல்லும் தப்பவில்லை. பழுதான ஆப்டிபிளெக்ஸ் கணிப்பொறிகளுக்காக 2005இல் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. சில ரூபாய் பெறும் உறுப்பு செய்த வேலை இது! பின்னர், திரவமில்லாத திண்ம மின்தேக்கிகள் பரவலாயின.

வெப்பமும் ஒரு பகைவன். திரவ மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே காற்றோட்டமும் தேவை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். பழைய கணிப்பொறி வாங்க என் தந்தையார் ஒரு மாதக் கூலியைத் தந்தார். கடையில் மூடியைத் திறக்கச் சொன்னேன். இரண்டு மின்தேக்கிகள் உப்பியிருந்தன. பணத்தோடு வீடு திரும்பினேன்.

நண்பர்களே, பெயரைப் படியுங்கள், விலையைக் கேளுங்கள், மூடியையும் திறந்து பாருங்கள்!