சாக்ஸபோனும் தாலந்தும்



நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தேர்ப்பவனிகளில் பாண்டுக்காரர் ஊதும் சாக்ஸபோன் ஐரோப்பாவில் பிறந்த கருவி. கர்நாடக சங்கீதத்தின் கமகத்துக்கு எளிதில் வளையாதது. மங்களூர்ப் பக்கம் 1949-இல் பிறந்த கத்ரி கோபால்நாத், நாதஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பாண்டில் அக்கருவியைக் கேட்டு மனம் பறிகொடுத்தார். அதன் விசைகளில் மாற்றம் செய்து, ஆண்டுக்கணக்காய்ச் சாதகம் செய்து, ராகங்களை அதில் பேச வைத்தார். 1994-இல் லண்டன் பி.பி.சி. பிராம்ஸ் விழாவில் வாசித்தார். 2008-இல் ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு இசைத்தட்டு வெளியிட்டார். 2019-இல் காலமானார்.

அவர் நம் வேதத்தாரல்லர்; எனினும் அவர் உழைப்பு நமக்குப் பாடம். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 25-ஆம் அதிகாரத்துச் சோம்பல் ஊழியன் தாலந்தை மண்ணில் புதைத்தான். சர்வேசுரன் உங்கள் பிள்ளைக்கு ஈந்த குரலும் விரலும் புதைந்து கிடக்கலாமா? படிப்புக் கெடும் என்று தடுக்காமல், பாடற்குழுவுக்கு அனுப்புங்கள். கொடுத்தவர் ஒருநாள் கணக்குக் கேட்பார்.