செய்தியும் பொறுப்பும்: பழவேற்காடு தரும் பாடம்

முன்னுரை

பழவேற்காடு என்றதும், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியாக் கோட்டையும், சில்கா ஏரிக்கு அடுத்து நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியும் நம் நினைவிற்கு வரும். சமூக ஊடகங்களை அளவோடும் பயனோடும் கையாளும் வழியை ஆராயப் புகும் நமக்கோ, அவ்வேரிக்கரை மீனவ ஊர்கள் வேறு இரு பாடங்களை உணர்த்துகின்றன. ஒன்று துயரமானது, மற்றொன்று பெருமைக்குரியது.

வதந்தி பறித்த உயிர்

2018ஆம் ஆண்டில், குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாகத் தமிழகத்தின் பல பகுதிகளில் வாட்ஸ்அப் வழியே வதந்தி பரவியது. அவ்வாண்டு மே மாதம் பழவேற்காட்டில், அடையாளம் தெரியாத ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என ஐயுற்ற கூட்டம் அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டது. அதே வாரத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கியதால் ஐயத்திற்கு ஆளாகி, தாக்கப்பட்டு மாண்டார்.

அச்செய்திகளைப் பகிர்ந்தோரிற் பலர், பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியிருத்தல் கூடும். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதே இதனால் நாம் பெறும் முதற்பாடம். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. விரலுக்கு நிறுவனம் வரம்பிடலாம். மனத்திற்கு வரம்பிட வேண்டியவர் நாமே.

செய்தி காத்த உயிர்கள்

விரைந்து பரவும் செய்தி யாவும் தீது என்பது இதன் பொருளன்று. 2004 டிசம்பர் 26 அன்று, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ ஊரினருக்கு, சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அது அறிவிக்கப்படவே, மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். இன்றும் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தரும் அலை, காற்று முன்னறிவிப்புகள் மீனவர்க்குப் பயன்படுகின்றன.

இரண்டிற்கும் வேறுபாடு யாது? நல்லவாட்டில் சொன்னவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். வதந்திக்கோ ஊரும் இல்லை, பேரும் இல்லை. கேட்டதை ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பது திருக்குறளின் அறிவுடைமை அதிகாரமும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமும் ஒருங்கே வலியுறுத்தும் நெறியாகும்.

ஏரி கற்பிக்கும் முறைமை

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்னும் மரபு உண்டு. ஏரியின் எப்பகுதியில் எவர் எப்போது வலையிடுவது என முறை வகுத்து, உரிமையுடையோர் மாறிமாறித் தொழில் செய்வர். தம் முறை வரும்வரை காத்திருத்தலும், முறை முடிந்ததும் வலையை எடுத்தலும் அதன் ஒழுங்கு. ஊரார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட இவ்வரம்பே பெருமைக்குரிய அவ்விரண்டாம் பாடம்.

கைப்பேசிக்கும் இத்தகைய பாடு வேண்டும். படிப்பு, உணவு, உறக்கம், உறவினரோடு உரையாடல் ஆகியவற்றின் முறையில் அது குறுக்கிடலாகாது. பகிருமுன் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்புக: இதைச் சொன்னவர் யார்? அவர் நேரில் கண்டாரா? இது பொய்யாயின் துன்புறுவோர் எவர்? ஆசிரியர்கள் இவ்வாராய்ச்சியை வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். ஊர்க் குழுக்களில் உள்ள பெரியோர், ஐயத்திற்குரிய செய்தியைக் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிந்து, பொய்யெனின் அக்குழுவிலேயே மறுத்துரைத்தல் கடன். குழந்தைகளின் பாதுகாப்புப் பற்றிய ஐயத்தை 1098 என்னும் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

முடிவுரை

பழவேற்காட்டில் மாண்டவர் யார், எவ்வூரினர் என ஒருவரேனும் பொறுமையாகக் கேட்டறிந்து, கூட்டமும் அதற்குச் செவிசாய்த்திருப்பின் அவர் பிழைத்திருக்கக் கூடும். அக்கேள்வியைக் கேட்கும் துணிவையும் பொறுமையையும் வளர்ப்பதே கல்வியின் பணி. அப்பணியில் நாம் அனைவரும் பங்குகொள்வோமாக.