சாரல் காலத்தில் ஒரு ஞானப் பயணம்: கோட்டை மேடுகளும் பட்டிக்காட்டுக் கோயில்களும்



சாரல் விழத் தொடங்கினால் குற்றாலம் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பேரருவியில் ஒரு குளிப்பு, ஐந்தருவியில் ஒரு குளிப்பு, பழைய குற்றாலத்தில் இன்னொன்று; ஞாயிறன்று தென்காசியில் பூசை கண்டுவிட்டு, வீட்டுக்குப் பலாச்சுளையும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். இதில் குற்றம் ஏதுமில்லை. உழைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டியதே. ஆனால் அருவியை விட்டு ஒரே ஒரு நாள் விலகி, சுற்றுப்புறப் பட்டிகளில் கிடக்கும் கோட்டை மேடுகளையும் பழைய கோயில்களையும் பார்த்து வருகிறவர்கள் எத்தனை பேர்? அப்படிப் பார்க்க மனமுள்ளவர்களுக்காகவே இந்தப் பாடம்.

பிரான்சு தேசத்தின் நாட்டுப்புறத்தில் இத்தகைய பயணத்தைப் பலரும் விரும்பிச் செய்கிறார்கள். அங்கே ஒரு சிற்றூரை அணுகும்போது குன்றின்மேல் பிரபுவின் கற்கோட்டையும், அதன் அடியில் கற்கோயிலும், கோயிலை ஒட்டி வீடுகளும் தெரியும். இவையெல்லாம் தாமாகவே நிலைத்து நின்றன என்று எண்ணிவிடாதீர்கள். பர்கண்டி நாட்டில் குளூனி என்னும் ஊரிலிருந்த மடத்துக் கோயில், உரோமையில் அர்ச். இராயப்பரின் இப்போதைய தேவாலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியதாயிருந்தது. 1789-ம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அதை விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் அதைக் கல்வெட்டாங்குழியைப் போலப் பாவித்துக் கல் கல்லாகப் பெயர்த்தார்கள். இன்று நிற்பது ஒரு சிறு பங்கே. பிற்பாடுதான் அந்த தேசத்தாருக்குப் புத்தி வந்தது. 1834-ல் மெரிமே என்ற எழுத்தாளரைப் பழஞ்சின்னங்களின் மேற்பார்வையாளராக நியமித்தார்கள். விழுந்துவிடும் நிலையிலிருந்த வெசலே கோயிலை அவர் பார்த்து முறையிட்டதால், 1840 முதல் அது பழுதுபார்க்கப்பட்டது. 1905-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு முந்திய பங்குக் கோயில்கள் பெரும்பாலும் ஊராட்சிகளின் உடைமை. ஆகையால் கோயில் கூரை ஒழுகினால், பணத்துக்கு எங்கே போவது என்று ஊராட்சித் தலைவர் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. இந்தக் கவலை நமக்குப் புதியதல்லவே!

நம் பக்கத்துக் கோட்டைகளோ மண்ணால் ஆனவை. பாளையக்காரர்கள் களிமண்ணோடு வைக்கோல் சேர்த்துக் குழைத்து, கனத்த மதில்களை எழுப்பினார்கள். பீரங்கிக் குண்டு பட்டால் கல் மதில் பிளக்கும். மண் மதில் குண்டை விழுங்கிக்கொள்ளும். புலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலுக்கு முன் 1755-ல் வந்து நின்ற கர்னல் ஹெரான் அதைப் பிடிக்க மாட்டாமல் திரும்பினார். 1761-ல்தான் யூசுப்கானின் சேனை நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என்ற மூன்றையும் கைப்பற்றியது. 1767-ல் வாசுதேவநல்லூரை மறுபடியும் கர்னல் டொனால்டு காம்பெல் முற்றுகையிட வேண்டியிருந்தது. பீரங்கியைத் தாங்கிய மண்ணை நூற்றாண்டுகளின் மழை கரைத்துவிட்டது.

மண்கோட்டைக்கும் நம் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நெருக்கமானது. அந்நாளில் ஒரு பட்டியில் கிறிஸ்தவர்கள் ஓலைக்கூரை போட்டு ஜெபம் சொல்வதும் சொல்லாததும் கோட்டைக்குள் இருந்தவரின் மனதைப் பொறுத்தது. சேசுசபைக் குருவாகிய வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்து, கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்தார். சங்கரன்கோவிலை அடுத்த குருக்கள்பட்டியில் 1714–15-ல் அவர் பிடிபட்டு, மரண தண்டனையின் வாயிலிருந்து தப்பினார். அன்று அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால், 1726-ல் அவர் முடித்த தேம்பாவணியும் இல்லை, 1732-ல் தொகுத்த சதுரகராதியும் இல்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தேம்பாவணி படிக்கிறார்கள். அதன் ஆசிரியர் உயிர் தப்பிய ஊர் தென்காசியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்வரும் தூரம் என்பது அவர்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

இக்காரணத்தால், இப்பகுதியில் 1700-ம் ஆண்டளவில் கட்டிய கற்கோயிலைத் தேடிப் போகிறவர் ஏமாந்து வருவார். அந்நாளைய கோயில்கள் மண்சுவரும் பனையோலையும்தான். எரிந்தால் மறுபடி வேய்ந்தார்கள். 1773-ல் சேசுசபை கலைக்கப்பட்டபோது குருக்கள் அருகிப்போனார்கள். உபதேசிமார்களே ஊர் ஊராக ஜெபத்தை அணையாமல் காத்தார்கள். 1837-ல் பிரெஞ்சு சேசுசபையார் வந்தார்கள். அவர்களில் அநேகர் காலராவுக்கு இளவயதிலேயே பலியானார்கள். மிஞ்சினவர்கள் கட்டினார்கள். தங்கள் தேசத்துக் கூர்நுனி வளைவும் மணிக்கூண்டும் அவர்கள் நெஞ்சில் இருந்தன. கைக்குக் கிடைத்ததோ நம்முடைய செங்கல், சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, பனங்கை. கொத்தனாரும் நம்மவர். இவை கலந்து எழும்பிய சிறு கோயில்கள் முழுப் பிரெஞ்சும் அல்ல, முழுத் தமிழும் அல்ல. பளிங்கு ஒட்டிய இன்றைய பெரிய கோயில்களைவிட அவையே எனக்கு அழகாய்த் தோன்றுகின்றன.

அத்தகைய கோயிலுக்குள் போனால் முதலில் சற்று நேரம் முழங்காலிடுங்கள். பின்பு சுவரின் கனத்தைச் சன்னல் ஓரத்தில் கையால் அளந்து பாருங்கள். மணியில் எழுத்து இருந்தால் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். தரையில் பதித்த கல்லறைக் கல்லில் பெயர், ஆண்டு தெரிகிறதா என்று பாருங்கள். பங்குச் சுவாமியார் அனுமதித்தால் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாருங்கள். அரசனின் செப்பேட்டில் இடம்பெறாத ஏழைகளின் பெயர்கள் அங்கே இருக்கும்.

இன்னும் தெற்கே, ராதாபுரம் பக்கத்து வடக்கன்குளம் கோயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீலகண்டப் பிள்ளை 1745 மே 14-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது அவ்வூரில்தான். 1752-ல் வேதசாட்சியாக மரித்த அவரை, 2022 மே 15-ல் பரிசுத்த பாப்பரசர் அர்ச்சிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. ஆயினும் அதே ஊரில் 1872-ல் எழுந்த கோயிலில் இரண்டு நடைகள், நடுவே சுவர். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு சாதியார் தனித்தனியே நின்றார்கள்! 1910-ல் பிரெஞ்சுக்காரரான கௌசானெல் சுவாமியார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதைத் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பதை இதனால் அறிவீர்கள். அந்தச் சுவர் போக வேண்டியதே. அது இருந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆனால் இந்நாட்களில் இடிபடுவது அத்தகைய சுவர்களல்ல. கூட்டம் கொள்ளவில்லை, ஓடு ஒழுகுகிறது என்று சொல்லிப் பாட்டன் கட்டிய கோயிலை இரண்டே நாளில் இயந்திரம் வைத்துத் தள்ளுகிறோம். ஒரு புகைப்படம்கூட எடுப்பதில்லை. கல்லறைக் கல் படிக்கட்டாகிறது. திருச்சபைச் சட்டமோ வேறுவிதமாகச் சொல்கிறது. பழமையாலோ கலையாலோ பக்தியாலோ மேன்மை பெற்ற சுரூபங்களையும் படங்களையும் மேற்றிராணியாரின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் புதுப்பிக்கலாகாது என்பது 1189-ம் சட்டம். கோயில் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் நிபுணரின் ஆலோசனை கேட்கச் சொல்வது 1216-ம் சட்டம்.

தென்காசியில் 1446-ல் விசுவநாதர் ஆலயத் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்த்துக் காக்கப்போகிறவர்களின் பாதங்களில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாதவர்களிடம் கேட்ட விண்ணப்பம் அது. பிளவுண்டு நெடுங்காலம் நின்ற அதன் கோபுரம் 1990-ல் மறுபடி எழுந்தது. நம் பங்குகளில் கோயில் கமிட்டி கூடும்போது யாராவது ஒருவர் இதை எழுந்து சொன்னால் நல்லது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: நெற்கட்டுஞ்செவலும் குருக்கள்பட்டியும் சங்கரன்கோவில் பக்கம், விடியற்காலை புறப்பட்டால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். காமநாயக்கன்பட்டிக்கு இன்னும் கிழக்கே போக வேண்டும். ஆகஸ்டு 15 பரலோக மாதா திருநாளுக்குச் சேர்த்துத் திட்டமிடுங்கள். பட்டிக் கோயில்கள் பகலில் பூட்டியிருக்கும். உபதேசியார் வீட்டில் சாவி கேளுங்கள். மேடுகளில் நிழல் கிடையாது. தண்ணீரும் குடையும் கையோடு இருக்கட்டும்.