கடன் வேண்டாம், சில்லறை மாற்றுவோம்

52 − 27 = 35. மூன்றாம் வகுப்புக் கணக்கு ஏடுகளில் இப்படி ஒரு விடையைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். இது கவனக்குறைவு அல்ல. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற விதியைக் குழந்தை ஒவ்வோர் இடத்திலும் பின்பற்றியிருக்கிறது: 7-இல் 2 போக 5, 5-இல் 2 போக 3. 52 அதற்கு ஒரே எண்ணாகத் தெரியவில்லை. அருகருகே நிற்கும் இரண்டு எண்களாகத் தெரிகிறது. மறுபடியும் செய்யச் சொன்னாலும் அதே விடைதான் வரும்.

'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நாம் சொல்வதும் உதவுவதில்லை. கடனைத் திருப்பித் தர வேண்டும். கழித்தலில் யாரும் திருப்பித் தருவதில்லை. ஒன்றைக் கடன் வாங்கினால் பத்து எப்படி வந்தது என்பதும் விளங்காது. 'சில்லறை மாற்றுதல்' என்று சொல்லலாம். ஒரு பத்து ரூபாய்த் தாளுக்குப் பத்து ஒரு ரூபாய் நாணயங்கள் என்பது கடைக்குப் போய்வரும் குழந்தைக்குத் தெரியும்.

செயல்பாடு

தேவையானவை: ஈர்க்குச்சிகள், ரப்பர் வளையங்கள்.

1. குச்சிகளைக் குழந்தைகளே பத்துப் பத்தாக எண்ணிக் கட்டட்டும். தானே கட்டிய கட்டில்தான் பத்து இருப்பதைக் குழந்தை நம்பும்.

2. 5 கட்டுகளும் 2 குச்சிகளும் வைத்திருக்கும் குழந்தையிடம் 27 குச்சிகள் கேளுங்கள். இரண்டு கட்டுகளைத் தந்துவிட்டு, ஏழு குச்சிகளுக்குத் தயங்கும். அப்போது நாம் பேசாமல் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தானே ஒரு கட்டைப் பிரிக்கும்.

3. அதையே கட்டுக்குக் கோடு, குச்சிக்குப் புள்ளி என வரைந்து செய்யட்டும்.

4. பிறகே ஏட்டில் 5-ஐ 4 ஆகவும், 2-ஐ 12 ஆகவும் மாற்றி எழுதட்டும். பாடநூல் கூறும் இனமாற்றம் இதுவே.

கவனிக்க வேண்டியவை

40 − 16 போன்ற கணக்குகளில் பூச்சியம் தடுமாறச் செய்யும். 36 அல்லது 30 என விடை வரும். நான்கு கட்டுகள் மட்டும் கொடுத்தால் பிரிக்காமல் வழியில்லை என்பது புரியும்.

58 − 23, 52 − 27, 64 − 31, 71 − 46 எனக் கலந்து கொடுங்கள். விடை காணும் முன், எவற்றுக்குச் சில்லறை மாற்ற வேண்டும் என்று பிரித்துக் காட்டட்டும். எல்லாக் கணக்குகளும் ஒரே வகையாக இருந்தால், குழந்தை யோசிக்காமலே மேலே 1 எழுதப் பழகிவிடும்.

கடைசியாக, விடையைக் கூட்டிச் சரிபார்க்கட்டும். 35-உடன் 27-ஐக் கூட்டினால் 62. கையில் இருந்ததோ 52. தவறு எங்கே என்று இனி குழந்தையே தேடும்.