டிஸ்ப்ளே வந்தால் போதாது

அசெம்பிள் செய்து தரும் கடைகளில் கம்ப்யூட்டரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது நம்மைப் போல் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும். பட்டனை அமுக்குவார்கள். விண்டோஸ் திரை வரும். "அண்ணே, டிஸ்ப்ளே வந்துருச்சு, எல்லாம் ஓகே" என்று சொல்லிக்கொண்டே கேபினட்டின் பக்கத் தகட்டைத் திருகி மூடுவார்கள். பில் கைக்கு வந்துவிடும். இதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மின்சாரம் பாய்கிறது, திரை எரிகிறது என்பதற்கு மேல் இதில் ஒன்றும் தெரியாது.

32 ஜிபி ரேம் போட்ட மெஷினில் விண்டோஸ் சும்மா திறந்து கிடக்கும்போது நாலைந்து ஜிபிதான் புழங்கும். மீதியில் எங்காவது பழுது இருந்தால் அந்தப் பக்கம் எதுவும் போகாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று கேமராவின் 4கே ஃபுட்டேஜை டைம்லைனில் இறக்கிய பிறகுதான் பழுதான இடத்துக்கு வேலை வரும். அதற்குள் கடைக்காரர் அடுத்த மெஷினைப் பூட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு வந்தது அப்படிப்பட்ட ரேம். பெயர் பெற்ற பிராண்ட், சீல் உடைக்காத அட்டை. கடையும் மதுரையில் நாலு பேர் கைகாட்டுகிற கடைதான். மெஷின் வந்த முதல் வாரத்திலேயே எடிட்டிங் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தது. பிறகு நீலத்திரை. ஒருநாள் ஒரு காரணம் போடும், மறுநாள் வேறு காரணம் போடும். இப்படிக் காரணம் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமைத்தான். நான் அப்போதே சொன்னேன், "தம்பி, ரேமை ஒருதடவ பாத்துருப்பா" என்று. கடையில் சர்வீஸ் பார்ப்பவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் நிற்கிறது: "ரேம் போச்சுன்னா டிஸ்ப்ளேயே வராதுண்ணே. இது ஓஎஸ் பிரச்சினை. ஃபார்மட் அடிச்சுட்டா சரியாயிரும்."

எனக்கு அதிக நஷ்டம் வைத்த தவறு இந்த ஒரு பேச்சுதான். ரேம் முழுதாகச் செத்தால்தான் டிஸ்ப்ளே வராது. கோடிக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்தால் மெஷின் ஜம்மென்று ஓடும், ஓடிக்கொண்டே தப்புச் செய்யும். இது அபூர்வமான கோளாறும் இல்லை. கூகுள் தன் சர்வர்களின் ரேமை இரண்டரை வருடம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வருடத்துக்கு 100 ஸ்டிக்குக்கு எட்டுக்கு மேல் ஏதாவது ஒரு பிழையைக் காட்டியதாகச் சொன்னது. அவையெல்லாம் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ரேம்கள். நம் மெஷினில் இருப்பதில் அந்த வசதி கிடையாது. சாதாரண ஆட்களுக்கு இசிசி கிடைக்காமல் செய்துவிட்டது என்று 2021 தொடக்கத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இன்டெல் நிறுவனத்தை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அவர் கோபம் நியாயமானது. டிடிஆர்5-இல் இசிசி உள்ளேயே இருக்கிறது என்று கடையில் சொல்வார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்துவது. சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நடப்பதை அது பார்க்காது.

ஃபார்மட் அடித்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. மறுபடி படுத்தது, மறுபடி ஃபார்மட். இதற்கு நடுவில்தான் ஒரு வைகாசிக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்த அன்று ராத்திரியே கார்டுகளைக் காப்பி செய்தேன். இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்கில் வைத்தேன். பிறகுதான் அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டை ஃபார்மட் செய்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் கார்டிலிருந்து வரும் எல்லாமே ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. ரேமில் ஒரு பிட் புரண்டால் டிஸ்கில் உட்காருவது புரண்ட ஃபைல். அதிலிருந்து எடுத்த இரண்டாவது காப்பியும் அதே புரண்ட ஃபைல்தான். ஃபைலின் அளவு அப்படியே இருக்கும், பெயர் அப்படியே இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது.

ட்ரெய்லரைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "தம்பி, தாலி கட்டுற நேரத்துல பாப்பா முகத்துல பச்சையாக் கட்டம் கட்டமா வருதேப்பா?" கேமரா எழுதும் வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. ஒரு முழு ஃப்ரேம், அதன் பிறகு வரும் ஃப்ரேம்களில் மாறியது மட்டும். அதனால் ஓரிடத்தில் கெட்டால் அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை அந்தக் கறை இழுத்துக்கொண்டே போகும். கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கும் அந்த அரை நொடியில், மஞ்சள் கயிறு கழுத்துக்கு வருகிற இடத்தில், கன்னத்தின் மேல் பச்சைக் கட்டங்கள். இன்னொரு கோணத்தில் நின்ற கேமராவிலிருந்து எடுத்து ஒட்டினேன். அதில் மாமாவின் தோள் பாதி மறைத்திருந்தது. பாக்கித் தொகையை நான் கேட்கவில்லை. அவர் கொடுக்க வந்தும் வாங்கவில்லை.

அன்று ராத்திரி நானே ஒரு பென்டிரைவில் மெம்டெஸ்ட்86-ஐ ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் நேராக அதிலிருந்து பூட் செய்தேன். முதல் சுற்று சுத்தமாகப் போனது. பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரண்டாவது சுற்றில் திரையில் சிவப்பு வரிகள் விழ ஆரம்பித்தன. ஒரு முகவரி, எழுதிய மதிப்பு, திரும்பப் படித்த மதிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். எல்லா வரியிலும் அதே முகவரி, அதே பிட். கடைக்காரர் ஃபார்மட் ஃபார்மட் என்று என் நாட்களைத் தின்றதற்கான பதில் அந்தச் சிவப்பு வரியில் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "அந்த சாஃப்ட்வேரையெல்லாம் நம்ப முடியாதுண்ணே" என்று பதில் வந்தது. ரேம் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அதே போட்டோவைக் காட்டினேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்க எடுத்துக்கொண்டார்கள். யார் பேச்சுக்கு மதிப்பு என்று இனி நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே மெஷின் வந்த அன்றே, விண்டோஸைத் தொடும் முன், மெம்டெஸ்ட். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். குறைந்தது நாலு சுற்று முடியட்டும். இலவசப் பதிப்பே அதற்குப் போதும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான், 'ஒண்ணுதானே' என்று விட வேண்டாம். வந்தால் பதற வேண்டியதில்லை. முதலில் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அட்டையில் போட்டிருக்கும் 3600, 6000 என்ற வேகமெல்லாம் இந்த அமைப்பை ஆன் செய்தால்தான் வரும். அது ஒருவகையில் ஓவர்கிளாக்தான். அணைத்ததும் பிழை போய்விட்டால் ரேமும் பிராசஸரும் போர்டும் அந்த வேகத்தில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். போர்டு கம்பெனியின் பக்கத்தில் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும். வாங்கும் முன்பே அதில் உங்கள் ரேமின் முழு மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்த பிறகும் பிழை வந்தால் ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டுங்கள், பிறகு ஸ்லாட்டை மாற்றி ஓட்டுங்கள். பிழை ஸ்டிக்கின் பின்னால் போனால் ஸ்டிக்கில் கோளாறு. ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டிலோ பிராசஸரிலோ கோளாறு. இதைச் செய்ய ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும்.

கார்டு காப்பிக்கும் ஒரு வார்த்தை. டெராகாப்பி போன்ற ஒன்றில் 'வெரிஃபை' போட்டுக் காப்பி செய்யுங்கள். இரண்டாவது காப்பியை முதல் டிஸ்கிலிருந்து எடுக்காதீர்கள், கார்டிலிருந்தே எடுங்கள். முடிந்தால் வேறு லேப்டாப்பில் எடுங்கள்.

மெஷின் சொல்லும் காரணத்தை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் பெரிய சாட்சி. கேம் ஓடும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பிழை வரும். பலர் கிராஃபிக்ஸ் கார்டைப் பழித்தார்கள், டிரைவரை மாற்றினார்கள். கடைசியில் கோளாறு பிராசஸரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்கு மைக்ரோகோட் திருத்தம் விட்டது, பாதிக்கப்பட்ட பிராசஸர்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் கூட்டியது. அந்தத் தலைமுறையில் நீங்கள் பழையதை வாங்கினால் பயாஸ் அப்டேட் செய்யாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ஏற்கெனவே தேய்ந்ததை அப்டேட் சரிசெய்யாது.

மற்ற பாகங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிராசஸருக்கு பிரைம்95 அல்லது ஓசிசிடி, ஒரு மணி நேரம். கூடவே எச்டபிள்யூஇன்ஃபோவில் சூட்டைப் பாருங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'வீயா' என்று ஏதாவது பதிவாகியிருந்தால் வன்பொருள் தானே புகார் சொல்கிறது என்று பொருள். எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். புதியது என்று விற்றதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பிறகு ஒரு பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்து, கேஷ் தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவு என்று கவனியுங்கள். அதே மாடல் பெயரில் உள்ளே சிப் மாறிவிடுவது உண்டு, 2021-இல் டபிள்யூடியின் எஸ்என்550-இல் அது நடந்து நிறுவனமே ஒத்துக்கொண்டது. பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் ஜிபியு-இசட்டைத் திறங்கள். பயாஸை மாற்றிப் பெயரைக் கூட்டி விற்கும் போலிக் கார்டுகளை அது காட்டிக்கொடுக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும் ராப்பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைத்தால் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கொட்டேஷனில் ஒரு மாடல், பூட்டும்போது "அது ஸ்டாக் இல்லைண்ணே, இதுவும் அதே வாட்ஸ்தான்" என்று வேறொன்று. இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தச் சோதனையும் 23 டிகிரி வெப்பத்தில் நடப்பது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, சித்திரை மாதத்தில், நம் அறையில் ரெண்டர் ஓடும்போது என்ன ஆகும் என்று அந்த முத்திரைக்குத் தெரியாது. 2021-இல் கேமர்ஸ் நெக்ஸஸ் சேனல் கிகாபைட்டின் ஒரு 750 வாட் மாடலைச் சோதித்தபோது ஒன்றுக்கு மேற்பட்டவை வெடித்துச் செத்தன. அதுவும் கோல்டு முத்திரை கொண்டதுதான். நிறுவனம் பிறகு மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆகவே முத்திரையைப் பார்க்காதீர்கள், யாராவது பிரித்துப் போட்டு லோடு ஏற்றிச் சோதித்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ரெண்டர் ஓடும்போது 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மென்பொருள் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

வீட்டு மின்சாரமும் சோதனையில் சேர்த்திதான். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று இருந்தால் எர்த் சரியில்லை. எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறும் இடைவெளியில் மெஷின் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டும் முன் இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ் மோட்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி நொடிதான்.

"இதுக்குத்தான் கம்பெனி மெஷினா வாங்குன்னு சொன்னேன் மாப்ளே" என்று என் மச்சான் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறார். அவர் பார்ப்பது பில் போடும் வேலை. அதற்குக் கம்பெனி மெஷின் சரி. எனக்கு வேண்டிய கார்டும் ரேமும் உள்ள கம்பெனி மெஷினுக்குக் கேட்ட விலையில் இதை வாங்கி ஒரு நல்ல மானிட்டரும் வாங்கலாம். கம்பெனி மெஷினுக்குள் இருப்பதும் இதே ரேம்தான். அதற்கும் மெம்டெஸ்ட் வேண்டும். அசெம்பிள் செய்தது சரிதான், இனியும் அப்படித்தான் வாங்குவேன்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். ஜிஎஸ்டி வேண்டாம், விலை குறையும் என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த 18 சதவீதத்தோடு வாரன்டியும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் சேர்ந்தே போய்விடும். 5 லட்சத்துக்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணம் கிடையாது. சோதனைத் திரைகளைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டி அட்டைகளைப் பரணில் போடுங்கள், எடைக்குப் போடாதீர்கள்.

வாரன்டியில் மாற்றி வருவது பெரும்பாலும் புதியதாக இருக்காது, பழுது பார்த்ததாகவோ வேறு யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கும். எனக்கு மாறி வந்த ரேமின் லேபிளில் பழைய தயாரிப்பு வாரம் இருந்தது. அதையும் முதல் ராத்திரியே நாலு சுற்று ஓட்டினேன், ஒரு சிவப்பு வரியும் விழவில்லை. அதன் பிறகுதான் அடுத்த கல்யாணத்தின் கார்டை மெஷினில் செருகினேன்.