காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது ஏன்?

நமது டிரஸ்டுக்கு மருத்துவ உதவி கேட்டு வருபவர்களில் ஜவுளிக்கடையிலும் ஓட்டலிலும் நின்றபடியே வேலை பார்ப்பவர்கள் உண்டு. “சாயங்காலமானால் கால் கனக்கிறது, நரம்பு சுருட்டி நிற்கிறது” என்பார்கள். டாக்டர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்கிறார்கள்.

உண்மையில் புடைத்துத் தெரிவது நரம்பு அல்ல. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்னும் ரத்தக்குழாய். ரத்தம் மேலே ஏற அல்லாஹ் இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கிறான். சிரைக்குள் இருக்கும் வால்வுகள், ஏறிய ரத்தத்தைக் கீழே இறங்க விடுவதில்லை. கெண்டைக்கால் தசை, நாம் நடக்கும்போது பம்பு போல அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் பம்பு ஓய்ந்து, ரத்தம் தேங்கி, குழாய் விரிகிறது. விரிந்த குழாயில் வால்வு சரியாக மூடாது.

பரம்பரை, கர்ப்பகாலம், வயது, உடல் பருமன் ஆகியவையும் காரணங்கள். தோலில் சிலந்திவலை போலத் தெரியும் மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆனால் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தாலோ, அரித்தாலோ, புண் வந்து ஆறாவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். டாப்ளர் ஸ்கேனில் பழுதான வால்வு தெரிந்துவிடும். அழுத்தக் காலுறை, ஊசி, லேசர், அறுவை என்று சிகிச்சைகள் உள்ளன. சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் காலுறை அணியக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நின்று வேலை செய்பவர்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. கேரளத்தைப் பின்பற்றி, 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. கடைகளில் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் ஜமாஅத்தில் கடை முதலாளிகளும் இருக்கிறார்கள், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதலாளிமார்களே, ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கள்; வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் உட்கார்ந்தால் முகம் சுளிக்காதீர்கள். வேலை செய்பவர்களே, நிற்கும்போது அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், நாலு எட்டு நடங்கள். இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். உட்கார்ந்தே தைப்பவர்களும் இடையிடையே எழுந்து நடப்பது அவசியம்.