கிண்டிக்குப் போகும் வழி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வானகரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "இந்த மார்க்குக்கு கிண்டி கிடைக்குமா?" கிண்டி என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி. கேள்வி நியாயமானது. பதில் சொல்பவர்கள்தான் பலவிதம். அண்ணன் மகனுக்கு நடந்ததைச் சொல்பவர், டியூஷன் மாஸ்டர் சொன்னதைச் சொல்பவர், யாரோ ஏஜென்ட் சொன்னதைச் சொல்பவர். மதுரவாயல், வேலப்பன்சாவடி பக்கம் நம் கண்ணெதிரே இருப்பவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி சேர்க்கை முறை. அதைப் பார்த்துப் பழகியவர்கள் அண்ணா பல்கலைக்கழகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே நடப்பது முழுக்க வேறு. எழுதி வைத்த விதி இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்காததால்தான் தகுதியுள்ள பிள்ளைகள் வாய்ப்பை விடுகிறார்கள்.

முதலில் மொத்த மார்க்கைப் பற்றிய நம்பிக்கை. 600க்கு 560 எடுத்தவள் 550 எடுத்தவனைவிட முன்னால் நிற்பாள் என்று நினைக்கிறோம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் மொழிப் பாட மார்க் கட்-ஆஃபில் சேராது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. இயற்பியலிலும் வேதியியலிலும் வாங்கிய மார்க்கைப் பாதியாக்கிக் கணக்கிடுவார்கள். ஒரு மாணவி கணிதத்தில் 98, மற்ற இரண்டிலும் தலா 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய கட்-ஆஃப் 98+45+45, அதாவது 188. இன்னொருவன் கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் தலா 94. அவனுக்கு 90+47+47, அதாவது 184. மூன்று பாடக் கூட்டுத்தொகை இருவருக்கும் 278தான். ஆனால் நான்கு மார்க் இடைவெளியில் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். பதினொன்றாம் வகுப்பு மார்க் இந்தக் கணக்கில் இல்லை. நேர்காணல் இல்லை. நுழைவுத்தேர்வும் கிடையாது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு சட்டம் போட்டு, 2007ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

"ஓ.சி. இடம் எஃப்.சி.க்காரர்களுக்கு. நமக்கு பி.சி. இடம்தான்." இதைப் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய தவறான நம்பிக்கை இத்தனை வருடம் உயிரோடு இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. மிச்சமிருக்கும் 31 சதவீதம்தான் ஓ.சி. எனும் பொதுப் போட்டி. அது எந்தச் சாதிக்கும் எழுதிக் கொடுத்த இடம் இல்லை. மார்க் இருக்கும் எவருக்கும் உரியது. பட்டியல் சாதி மாணவி ஒருத்தி தன் தரவரிசையால் பொதுப் போட்டியில் இடம் பெற்றால், அவள் சமூகத்துக்கான ஓர் இடம் அப்படியே இருக்கும். அது அடுத்த பிள்ளைக்குப் போகும். நம் பிள்ளை ஓ.சி. இடத்தில் உட்கார்ந்தால் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறக்கிறது.

இந்த ஒதுக்கீடு எல்லாம் சான்றிதழ் கையில் இருந்தால்தான். சாதிச் சான்றிதழை உரிய நேரத்தில் தராவிட்டால் பிள்ளையைப் பொதுப் பிரிவில் மட்டும்தான் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் பட்டம் பெற்றவர் யாருமே இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்க வேண்டும். கல்விக் கட்டணச் சலுகை அதில் இருக்கிறது. ஆனால் அரசின் பொறியியல் கவுன்சலிங் மூலம் சேர்ந்தவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் இருப்பது பலருக்குத் தெரியும். அது மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது. பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் போன்ற படிப்புகளுக்கு 2021இல் வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் போட்டால் "நல்ல காலேஜ் கிடைக்கும்" என்று கடன் வாங்கும் குடும்பங்கள் பூந்தமல்லி முதல் ஆவடி வரை இருக்கின்றன. தயவுசெய்து அந்த முடிவுக்கு முன் இந்த விதியைப் படியுங்கள்.

ரேண்டம் நம்பர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் அந்தப் பத்து இலக்க எண் வெளியாகும் நாளில் சில வீடுகளில் சாப்பாடே இறங்குவதில்லை. இரண்டு பேரின் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணித மார்க், அடுத்து இயற்பியல், அப்புறம் வேறு மார்க் ஒப்பீடுகள், பிறகு பிறந்த தேதியில் மூத்தவர் என்று பார்ப்பார்கள். இத்தனையிலும் சமமாக நின்றால்தான் ரேண்டம் நம்பர். பெரிய எண் முன்னுரிமை பெறும். பெரும்பாலோருக்கு அது பயன்படும் கட்டமே வராது.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடம், கவுன்சலிங்கில் கல்லூரியையும் படிப்பையும் வரிசையாகப் போடும் விருப்பப் பட்டியல். எங்கள் தெருவில் ஒரு பெண். நல்ல கட்-ஆஃப். மொபைலில் அவள் போட்டு வைத்திருந்த பட்டியலைப் பார்த்தேன். ஆறே வரி. ஆறும் கம்ப்யூட்டர் சயின்ஸ். "ஏம்மா இவ்வளவுதானா?" என்றேன். "அக்கா, நிறைய போட்டா நமக்கே நம்ம மேல நம்பிக்கை இல்லன்னு நினைச்சுப்பாங்களாம்" என்றாள். அவள் அம்மா வேறொன்று சொன்னார்: "கிண்டியை மேல போட்டு கிடைக்கலைன்னா கீழ இருக்கிறதும் போயிடுமாமே."

இரண்டுமே உண்மை இல்லை. அந்தப் பட்டியலைப் படித்து எடைபோட எதிரில் எந்த அதிகாரியும் உட்கார்ந்திருக்கவில்லை. தரவரிசைப்படி ஒவ்வொருவராகக் கணினி எடுக்கும். நம் முறை வரும்போது நம் பட்டியலின் முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது வரி, அப்புறம் மூன்றாவது. எங்கே முதலில் இடம் கிடைக்கிறதோ அங்கே நிற்கும். கிண்டியை முதலில் போட்டதற்காக முப்பதாவது வரியில் இருக்கும் கல்லூரி நம்மைத் தள்ளிவிடாது. அதனால் எது கிடைக்கும் என்று ஊகித்து வரிசைப்படுத்தக் கூடாது. எது வேண்டுமோ அதை வரிசைப்படுத்த வேண்டும். எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை. ஆறு வரியோடு நிறுத்தினால், ஆறிலும் இடம் தீர்ந்திருந்தால் அந்தச் சுற்றில் கையில் எதுவும் இருக்காது. உத்தேச ஒதுக்கீடு வந்த பிறகும், "இதை ஏற்கிறேன், மேலே உள்ள விருப்பம் காலியானால் மாறிக்கொள்கிறேன்" என்று சொல்ல வழி இருக்கிறது. அன்றிரவு அவள் பட்டியல் நாற்பது வரியைத் தாண்டியது.

வரிகளை எழுதும்போது எண்ணைக் கவனிக்க வேண்டும். கல்லூரி எண் 1 கிண்டி, அண்ணா பல்கலைக்கழகத்தின் மற்ற வளாகங்களில் 2 ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), 4 குரோம்பேட்டை எம்.ஐ.டி. அதே கிண்டியில் சில படிப்புகளின் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருக்கும். சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். அதற்கும் இதே தரவரிசை, இதே கவுன்சலிங்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் "கிண்டியிலும் மேனேஜ்மென்ட் கோட்டா இருக்கு, ஆள் இருக்கு" என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அங்கே மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது. வெளிநாடு வாழ் இந்தியர் போன்றோருக்கான இடங்களுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, அதைப் பல்கலைக்கழகமே நேரடியாக அறிவிக்கும். லட்சம் கொடுத்தால் சீட் என்று வீடு தேடி வருபவரிடம் பேச்சுக் கொடுக்காமல் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

போன வருடக் கட்-ஆஃபை வேதவாக்காக எடுப்பதும் தவறு. கணிதத் தாள் சுலபமாக இருந்து நூற்றுக்கு நூறு கூடினால் அதே 190 பின்னால் போகும், கடினமாக இருந்தால் முன்னால் வரும். ஒப்பிட வேண்டுமென்றால் கட்-ஆஃபைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவது மேல். அதையும் ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் சில வருடங்களுக்குப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லையென்றால் கிண்டியே வேண்டாம் என்ற முடிவைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. 1940களில் ஏ. லலிதா என்ற இளம் விதவைத் தாய் அங்கே படித்து மின் பொறியாளராக வெளியே வந்தார். அந்த வளாகத்தில் சுரங்கவியலும் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸும் அச்சுத் தொழில்நுட்பமும் இருக்கின்றன. பக்கத்திலேயே ஏ.சி. டெக்கில் தோல், ஜவுளி, செராமிக், வேதிப் பொறியியல். எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம். இவற்றுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவு கட்-ஆஃப் தேவைப்படாது. அந்த ஆசிரியர்களும் நூலகமும் ஆய்வகமும், தனியாரைவிடக் குறைவான கட்டணமும் இவற்றில் சேரும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். விருப்பமே இல்லாத படிப்பில் சேருங்கள் என்று சொல்லவில்லை. என்ன படிப்பு என்று தெரிந்துகொள்ளாமலேயே வேண்டாம் என்று தள்ளாதீர்கள் என்கிறேன்.

வரும் ஆண்டு ப்ளஸ் டூ எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், சாதிச் சான்றிதழையும் தேவையிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்று தயங்க வேண்டாம். பொறியியல் சேர்க்கை உதவி மையங்களில் விண்ணப்பத்தையும் விருப்பப் பட்டியலையும் கட்டணமில்லாமல் பதிந்து தருவார்கள். சேர்க்கைக் கையேட்டைத் தரவிறக்கி, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.